நூறு தாண்டினால் கார்

மார்ச் 3
அனுப்புநர்: நிர்வாக இயக்குநர் அலுவலகம்
பொருள்: சிறிய ரகப் பச்சைக் கார் ஒன்றைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக

அன்புடையீர்,

எங்கள் நிறுவனத்தின் புதிய கார் ஷோரூம் இம்மாத இறுதியில் திறக்கப்படவுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அதன் வரவேற்பறையில் நிர்வாக இயக்குநர் அவர்களின் வாழ்க்கைப் பயணத்தை விளக்கும் கண்ணாடிப் பேழை ஒன்று அமைக்கப்படுகிறது. பேழையின் நடுவில் வைப்பதற்காக, இயக்குநர் அவர்கள் சிறுவயதில் விளையாடியதும் தற்சமயம் தங்கள் வசம் இருப்பதுமான பச்சை நிற விளையாட்டுக் காரைச் சேதமின்றி ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்கு நன்றி கூறும் பலகை ஒன்று பேழையின் அடியில் சிறிய எழுத்தில் வைக்கப்படும்.

தாங்கள் இயக்குநரின் உடன்பிறந்த தங்கை என்பதால் இக்கடிதத்துக்கு முன்னுரிமை அளிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
உன் அண்ணன்

*

மார்ச் 7

மாட்சிமை பொருந்திய நிர்வாக இயக்குநர் அவர்களே,

உன் லெட்டர்ஹெட் கிடைத்தது. காகிதம் நல்ல கனம். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த என் சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்தில் உன்னால் எனக்கு ஆன முதல் உபகாரம் இது.

ஆமாம், இரண்டு வருஷம். உன் பிறந்தநாள் விருந்தில், கோட்டுப் போட்ட நாலு பேர் முன்னால் என்னைக் காட்டி, “இவ என் தங்கச்சி, ஏதோ கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறா” என்றாய். அந்த ‘ஏதோ’வை நான் இன்னும் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீயாகக் கூப்பிடாமல் உன் வாசல்படி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீ கூப்பிடவில்லை. இப்போதும் நீ கூப்பிட்டிருப்பது காரைத்தான்.

உன் பேட்டியையும் படித்தேன். பத்திரிகையை வாங்கிவிட்டேன் என்று பெருமைப்படாதே. என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் அம்மா, தன் கிளினிக்கில் கிடந்ததைக் கொண்டுவந்தாள். சிக்னலில் நிற்கும்போது சத்தமாகப் படித்தும் காட்டினாள். “சிறுவயதில் பகலெல்லாம் என் பச்சைக் காரோடுதான் இருப்பேன். தங்கைக்கும் தாராளமாக விட்டுக்கொடுப்பேன்.” அந்த ‘தாராளமாக’ வந்த இடத்தில் அந்த அம்மாள் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் செய்கிற தப்புக்குப் பிரேக் போடுவதுதானே என் பிழைப்பு. உனக்குத் தங்கையாகப் பிறந்ததிலிருந்து பழகிய வேலை.

புகைப்படத்தில் நீ உள்ளங்கையில் ஏந்தி உருகிக்கொண்டிருக்கிறாயே, அது சிவப்புக் கார். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. கிழித்துவிட்டாவது உருகியிருக்கலாம்.

உன் ஞாபகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தக் கார் உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. காய்ச்சலுடையது.

அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வீட்டையும் ஒரு வார்டாகத்தான் நடத்தினார். வீட்டுக்கு ஒரே கார், அது பீரோவின் உச்சியில் இருமல் மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் நிற்கும். தர்மாமீட்டர் நூறைத் தாண்டினால் கார் கீழே இறங்கும், நோயாளியின் தலையணைக்கு வரும். சூடு இறங்கினால் கார் மறுபடியும் பீரோ மேல் ஏறிவிடும். நல்ல உடம்போடு இருக்கிற பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளைகளுக்கு நோயின்மேல் ஆசை வரவைத்த மருத்துவப் பணியாளர் நம் அப்பாவாகத்தான் இருப்பார்.

உனக்கு மேகம் கறுத்தாலே மூக்கு ஒழுகும். எனக்குப் பெயரே கல்லுக்குண்டு. நான் செய்யாத தவமா? மழையில் நின்றேன். ஈரத் துணியோடு தூங்கினேன். அக்குளில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னதை நம்பி, இரண்டு பக்கமும் இடுக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். விடை தெரிந்த கேள்விக்குக்கூடக் கை தூக்கவில்லை. காய்ச்சல் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

நீயோ நோகாமல் தர்மாமீட்டரை டீ டம்ளரில் முக்கினாய். ஒருமுறை பாதரசம் நூற்றெட்டைத் தொட்டது. “இந்தச் சூட்டுக்கு மனுஷன் உயிரோட இருக்க முடியாதுடா” என்றார் அப்பா. “அப்ப கொஞ்சம் ஆத்திட்டு வரட்டுமாப்பா?” என்று கேட்டவன் நீ. அன்றைக்கே தெரியும், நீ வியாபாரத்துக்குத்தான் போவாய் என்று.

அப்பா போனபின் வீட்டைக் காலி செய்தபோது பீரோவை நீ எடுத்தாய். பீரோ மேல் இருந்ததை நான் எடுத்தேன். கார் என் ஃபிரிட்ஜின் தலையில் சௌக்கியமாக நிற்கிறது. தரமாட்டேன். உன் பேழைக்குள் அந்த விலைச்சீட்டை வை. உன் வாழ்க்கைப் பயணத்தை அது இன்னும் நன்றாக விளக்கும்.

இப்படிக்கு,
ஏதோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்

*

மார்ச் 12
நிர்வாக இயக்குநர் அலுவலகம்

அன்புள்ள கல்லுக்குண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்ன திமிர் பாரு இவளுக்கு. இல்லம்மா, இதை டைப் பண்ணாதே. உன் கடிதம் கிடைத்தது, முற்றுப்புள்ளி. எனக்கு வேலை தலைக்குமேல் இருப்பதால் புதிதாக வந்திருக்கும் டைப்பிஸ்ட் பெண்ணிடம் சொல்லி அடிக்கச் சொல்கிறேன். கெட்டிக்காரப் பெண், நான் சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் அடிக்கிறாள்.

நான் கார் விற்பவன். பிறந்ததிலிருந்தே கார்ப் பைத்தியம் என்று சொன்னால்தான் வாங்க வருகிறவன் நம்புவான். காய்ச்சல் வந்தால்தான் எங்கள் வீட்டில் கார் கிடைக்கும் என்று பேட்டியில் சொன்னால் எவன் வருவான்? மருந்துக்கடைக்காரன்தான் வருவான். (இருமுகிறார்.) இதெல்லாம் உனக்குப் புரியாது. இத்தனை வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவளுக்கு, ஸ்டியரிங் பிடிக்கிறவன் கஷ்டம் என்ன தெரியும்?

போகட்டும். பலகையின் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்கிறேன். உன் டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை இலவச சர்வீஸ். அந்தத் தகர டப்பாவை எடைக்குப் போட்டா பழைய இரும்புக்காரன்கூட வாங்கமாட்டான், இதை அடிக்காதேம்மா. (இருமுகிறார். தண்ணீர் கேட்கிறார்.) திறப்பு விழாவுக்குள் கார் எனக்கு வந்தாக வேண்டும். வரப்போகிற பெரிய மனிதர்களிடம் பச்சைக் கார் என்று சொல்லிவிட்டேன். என் மானம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அவள் தரமாட்டா, பிறந்ததிலேர்ந்து பிடிவாதம், அப்பா குடுத்த செல்லம். என்னம்மா, எல்லாத்தையும் அடிச்சுட்டியா? எங்கே காட்டு. சரி சரி, நேரமில்லை, கவர்ல போட்டு அனுப்பு.

தங்கள் உண்மையுள்ள,
நிர்வாக இயக்குநர்

*

மார்ச் 16

அன்புள்ள அண்ணா,

அந்த டைப்பிஸ்ட் பெண்ணுக்கு உடனே சம்பளத்தை உயர்த்து. உன்னைப் பற்றி உண்மையை எழுதிய முதல் ஆள் அவள்தான். இருமலைக்கூட விடவில்லை. பேட்டியையும் அவளிடமே கொடுத்திருந்தால் பத்திரிகை இன்னும் நாலு பிரதி கூட விற்றிருக்கும்.

என் வண்டியைத் தகர டப்பா என்கிறாய். உண்மைதான், மறுக்கவில்லை. முன்கதவு இரண்டுமே வெளியிலிருந்துதான் திறக்கும். பாடம் முடிந்ததும் நான் கண்ணாடியை இறக்கி, போகிறவர் வருகிறவரிடம் “கொஞ்சம் கதவைத் திறந்துவிடுங்களேன்” என்று கெஞ்சி இறங்குகிறேன். ஆனால் இந்த டப்பாவில் கற்றுக்கொண்டவர்கள்தான் உன் ஷோரூமில் வந்து கார் வாங்குகிறார்கள். நான் கற்றுக்கொடுக்காவிட்டால் உன் கார்களைப் பொம்மை மாதிரி பீரோ மேல்தான் வைக்க வேண்டும்.

இருமல் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் இருமி அனுதாபம் சம்பாதிப்பது புது உத்தி, பாராட்டுகிறேன். நடிப்பு மட்டும் அன்றைக்கு இருந்த அளவில்தான் இருக்கிறது. டீ ஆறிவிடப் போகிறது, பார்த்துக்கொள்.

கார் கிடையாது.

உன் தங்கை

*

மார்ச் 20

கல்லுக்குண்டு,

இன்று காலை நூற்றொன்று. சந்தேகப்பிராணியான உனக்காகத் தர்மாமீட்டரின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அப்பாவின் சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. அவர் அதை ரத்து செய்ததாக எனக்குத் தகவல் இல்லை. நூறு தாண்டிவிட்டதால் கார் என் தலையணைக்கு வர வேண்டும். சூடு இறங்கியதும் திருப்பித் தருகிறேன். எப்போது இறங்கும் என்பதை நான் சொல்வேன்.

திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு வாரம்தான். ஆளை அனுப்பட்டுமா?

அண்ணன்

*

மார்ச் 23

அன்புள்ள நோயாளிக்கு,

படம் கிடைத்தது. தர்மாமீட்டர் தெளிவாக விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் டீ டம்ளரும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆவிகூடப் பறக்கிறது.

பேரன் பேத்தி எடுக்கிற வயசில், ஊர் பார்க்க ஷோரூம் திறக்கப்போகிற மனிதன், காலங்காத்தாலே அண்ணி போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் அதில் தர்மாமீட்டரை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதைக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் நானே வரிசையில் நின்று பார்ப்பேன். பல் டாக்டர் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் வண்டி ரிவர்ஸில் போய் ஒரு தபால் பெட்டியில் இடித்தது. என் பிரேக்குக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

உனக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். உனக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையா என்று கண்டுபிடிக்க எனக்குத் தர்மாமீட்டர் தேவையில்லை. அப்பாவுக்கும் தேவைப்பட்டதில்லை.

உனக்கு டைபாய்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது, நீ பாதி நேரம் நினைவில்லாமல் கிடந்தாய். எனக்கு இருக்கிறது. அன்று காலை பாதரசம் நூறைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு, வழக்கமான டீ வைத்தியம் என்று நினைத்து, அப்பா காரை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். நான் கட்டிலோரம் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தொடக்கூட இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “நீயே வெச்சுக்கோ” என்றாய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு பகல் முழுக்க ஓட்டினேன். அந்த முன்சக்கரம் உடைந்து, அப்பா தன் ஆஸ்பத்திரிக் கோட்டின் பட்டனைப் பிய்த்து மாட்டியிருந்தாரே, அதனால் கார் இடது பக்கமாகவே இழுக்கும். இழுக்கிற வண்டியை நேரே ஓட்டுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது உன் கட்டிலுக்கடியில்தான். இன்றைக்கு வரை அதைத்தான் விற்றுச் சாப்பிடுகிறேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். கட்டிலுக்கடியில் குனிந்து என்னைப் பார்த்தார்.

“கார் எப்படி உன்கிட்ட வந்துச்சு?”

“அவன் குடுத்தான்.”

“அடிச்சுப் பிடுங்கினியா?”

“இல்லப்பா. அவனே குடுத்தான்.”

தர்மாமீட்டரை அவர் எடுக்கவே இல்லை. உன்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கை மீறியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். ஆக, ஷோரூம் முதலாளியே, நீ இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து என்னை அதிகாரம் பண்ணுகிறாய் என்றால், அந்தக் கார் என் கையில் இருந்ததால்தான். பேட்டியில் இதையும் சொல்லியிருக்கலாம்.

எனவே, கார் வேண்டும், கார் வேண்டும் என்று நீ கூச்சல் போடுகிறவரை உனக்கு ஒரு குறையும் இல்லை. நூறு வயசு இரு. டீயைக் குடி. ஆளை அனுப்பாதே, அனுப்பினால் அவனுக்குக் கிளட்ச் பாடம் எடுத்து அனுப்புவேன்.

கல்லுக்குண்டு

*

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆபீசுக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஷோரூம் திறந்தாயிற்று. நல்ல கூட்டமாம். நான் ரிப்பன் வெட்டிவிட்டுப் பாதியில் வந்துவிட்டேன். பேழைக்குள் ஏதோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

அந்த இருமல்தான். டாக்டர்கள் என்னென்னவோ படம் எடுக்கிறார்கள். உன் அண்ணி என் முன்னால் சிரிக்கிறாள், சமையலறையில் போய் அழுகிறாள். நான் காதில் விழாத மாதிரி இருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நீ மறுபடியும் டீ என்பாய்.

பல் டாக்டர் அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டாளா? தபால் பெட்டிக்கு அடி அதிகமா? உன் வண்டிக் கதவைச் சரி பண்ணிக்கொள். உள்ளே மாட்டிக்கொண்டால் ஆபத்து.

அந்தக் காரைப் பற்றி இனிமேல் கவலைப்படாதே. ஆள் யாரும் வரமாட்டார்கள். எனக்கு எதற்கு? நீயே வெச்சுக்கோ.

அண்ணன்

*

ஏப்ரல் 12, உன் வீட்டு கேட்டுக்கு வெளியே

அண்ணா,

இதைப் பாட அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று படம் போட்டிருக்கும், நீயும் பார்த்துக் கற்றுக்கொள்.

உன் கடிதம் காலையில் வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது எனக்கு எது கிளட்ச் எது பிரேக் என்று மறந்துபோனது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பொம்பளை நான். பல் டாக்டர் அம்மா பாடத்துக்கு வந்து நின்றாள். இன்றைக்குப் பாடம் இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், நான் ஸ்டியரிங் பக்கம் ஏறியதும் வெளியிலிருந்து என் கதவைச் சாத்தினாள். எல் போர்டைக் கழற்றாமலே வந்துவிட்டேன். வழியெல்லாம் லாரிக்காரர்கள் எனக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். யாரோ கத்துக்குட்டி என்று நினைத்திருப்பார்கள், அவர்கள் நினைத்ததும் தப்பில்லை.

உன் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்கிறான். “டிரைவிங் ஸ்கூல் வண்டியெல்லாம் உள்ள விடக்கூடாதுன்னு ஐயா உத்தரவும்மா” என்கிறான். உன்னைவிட உன் உத்தரவு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. அவனிடம்தான் இந்த அட்டையைக் கொடுத்து அனுப்புகிறேன். என் வண்டிக் கதவையும் அவனே திறந்துவிட்டான், அந்த மட்டில் புண்ணியவான்.

நீயாகக் கூப்பிடாமல் வாசல்படி மிதிப்பதில்லை என்று சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான். படியை நான் இன்னும் மிதிக்கவில்லை.

கார் என் மடியில் இருக்கிறது. பட்டன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். இன்னும் இடது பக்கம்தான் இழுக்கிறது, உன் புத்தி மாதிரி. உனக்குக் கொடுக்க இதைக் கொண்டுவரவில்லை. அந்த ஆசையே வேண்டாம். நீ கேட்க வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன். வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பு: என் கார் எங்கே, அந்தக் கல்லுக்குண்டு எடுத்துக்கொண்டு வந்தாளா இல்லையா என்று கேள். அதிகாரமாகக் கேள். லெட்டர்ஹெட்டில் கேள். பலகை, சர்வீஸ், மானம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசு. தரமாட்டேன் என்பேன். எழுந்து வந்து பிடுங்கப் பார். இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடலாம். அண்ணி டீ போட்டுக் கொண்டுவரட்டும், வேண்டுமானால் ஒரு தர்மாமீட்டரும்.

பதில் வரும்வரை கேட்டருகிலேயே நிற்கிறேன். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே. நீ கேட்கவில்லை என்று இவன் வந்து சொன்னால் சபதமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது.

செருப்பை இப்போதே கழற்றி வைத்துவிட்டேன்.

கல்லுக்குண்டு